ரெடிமேட் மரக்கூண்டும் ஓயாமல் நடக்கும் பெட்டி ஆமையும்

ஓட்டுக்குள் ஒடுங்கிப் பெட்டிபோல மூடிக்கொள்ளும், பாக்ஸ் டர்ட்டில் எனப்படும் பெட்டி ஆமைகளுக்கென்று ஆன்லைனில் விற்கும் மரக்கூண்டுகள் பல பெயர்களில் வந்தாலும் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். நீளம் சுமார் 120 செ.மீ., அகலம் 60 செ.மீ. ஒரு பாதி மூடிய அறை, மறுபாதி கம்பி வலை போட்ட திறந்தவெளி. மேலே கீல் வைத்த தார்ஷீட் கூரை, அடியில் ப்ளைவுட் தட்டு. பொருத்துவது எளிது, பார்க்கவும் அழகு. ஆனால் இதில் விட்ட ஆமை ஓரத்தையே பிடித்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை நடப்பதும், மூலையில் நின்று பிறாண்டுவதும் அடிக்கடி கேட்கிற புகார். ஆமைக்கு ஏதோ நோய் என்று பயந்துபோகும் முன் கூண்டைப் பாருங்கள். பாதிக் காரணம் அதில்தான் இருக்கிறது.

முதல் குறை அந்தக் கம்பி வலை. வலைக்கு அப்பால் புல்லும் வெளிச்சமும் தெரிகிறவரை அதுதான் வழி என்று ஆமை முட்டிக்கொண்டே இருக்கும். தடுப்பு என்பதே அதற்குப் புரியாது. இப்படி முட்டும் ஆமையைக் கையில் எடுத்துப் பார்த்தால் மூக்கு நுனி தேய்ந்து வெளுத்திருக்கும், முன்கால் நகங்கள் மழுங்கியிருக்கும். தீர்வுக்குச் செலவு குறைவு. தரையிலிருந்து 30 செ.மீ. உயரம்வரை உட்பக்கமாக, வெளியே எதுவும் தெரியாத பிவிசி பலகையை அடித்துவிடுங்கள். ஸ்க்ரூவை வெளிப்பக்கமிருந்து முடுக்குங்கள். நீளம் அளவாக இருக்கட்டும், முனை உள்ளே நீட்டக்கூடாது. காற்றுக்கு மேல்பக்க வலை போதும். வலை மட்டும்தான் காரணமென்றால், அடைத்த சில நாட்களிலேயே நடை குறைந்து, ஆமை இலைச்சருகுக்குள் புதைந்து உட்காரத் தொடங்கும்.

இரண்டாவது குறை அளவு. இதைப் பலகை அடித்துச் சரிசெய்ய முடியாது. இயற்கையில் ஒரு பெட்டி ஆமை பல வருடங்கள் ஒரே வட்டாரத்தில் நடமாடும். அந்த வட்டாரமே சில நூறு மீட்டர் அகலம் இருக்கும். ஒன்றிரண்டு ஆமைகளுக்கு 2.4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் குறைந்தபட்சம் என்பது அனுபவசாலிகள் வைத்திருக்கிற கணக்கு. இந்தக் கூண்டோ அதில் நாலில் ஒரு பங்கு. விளம்பரப் படத்தில் இரண்டு மூன்று ஆமைகளை உள்ளே காட்டுவது நியாயமே இல்லை.

மூன்றாவதுதான் மோசமானது: அடித்தட்டு. விளிம்பு 5 செ.மீ. இருந்தால் அதிகம். பெட்டி ஆமை தோண்டிப் புதைந்து வாழ்கிற பிராணி. வெயில் ஏறினால் புதையும், காற்று உலர்ந்தால் புதையும், குளிர் வந்தாலும் புதையும். 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்கு ஈர மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, மேலே சருகு பரப்பியிருக்க வேண்டும். தட்டில் அவ்வளவு போடவும் இடமில்லை. போட்டு ஈரமாக வைத்தால் ப்ளைவுட் உப்பி, அடுக்கு அடுக்காகப் பிரிந்து பூஞ்சை பிடித்துவிடும். இதற்குப் பயந்து தட்டைக் காய வைத்தால் ஆமை ஈரம் தேடி அலையும். கண் வீங்கிப் போவதற்கும் இந்த வறட்சி ஒரு காரணம்.

முட்டை வைக்கப்போகும் பெண் ஆமைக்கு இந்தத் தட்டு இன்னும் கொடுமை. மாலை நேரத்தில் பரபரப்பாகச் சுற்றி, அங்கங்கே முகர்ந்து, பின்கால்களால் மாறி மாறித் தோண்டும். நகம் பலகையில் கரகரவென்று உரசியதும் நிறுத்திவிட்டு வேறு இடத்தில் ஆரம்பிக்கும். தோது கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. காலை வெயில் படும் இடத்தில் 45 செ.மீ. சதுரத்துக்கு, 25 செ.மீ. ஆழத்தில், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரத்தோடு மணலும் மண்ணும் கலந்து கொடுங்கள். தோண்டுவதும் விடுவதுமாகச் சில நாட்கள் ஓடி, கூடவே தீனியும் எடுக்காமல், முக்கினால் காத்திருக்காதீர்கள். ஊர்வன பார்க்கிற மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆண் கூட இல்லையே என்று அலட்சியம் வேண்டாம். ஆண் துணையில்லாமலும் பெண் முட்டையிடும். முன்பு சேர்ந்த ஆணின் விந்தணுவை வருடக்கணக்கில் சேமித்து வைக்கவும் அதனால் முடியும்.

கூரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கறுப்புத் தார்ஷீட் வெயிலை உறிஞ்சி மூடிய அறையை அடுப்பாக்கிவிடும். நடுப்பகலில் மட்டும் அலைகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, நுரை தள்ளுகிறது என்றால் காரணம் சூடு. தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டாமல் ஆமையின் ஓட்டு உயரத்தில், தரையோடு வைத்துப் பாருங்கள். 21 முதல் 29 டிகிரி சரி. 32 தாண்டினால் ஒதுங்க நிழலும் ஈரமும் இருந்தே ஆக வேண்டும்.

எல்லாப் பழியும் கூண்டின் மேல் போடவும் கூடாது. புதிதாக வந்த ஆமை பழைய இடத்தைத் தேடிச் சில வாரங்கள் சுற்றத்தான் செய்யும். பலர் இந்த நேரத்தில் தினமும் எடுத்துப் பார்த்து நிலைமையைக் கெடுக்கிறார்கள். மழை பெய்ததும் உற்சாகமாக நடப்பது புழு தேடி, அது நல்ல அறிகுறி. ஆண் ஆமை கூட இருந்தால் அது பெண்ணை விடாமல் துரத்தி, ஓட்டின் முன் விளிம்பைக் கடிக்கும். அங்கே பல் போன்ற வெட்டுகள் தெரிந்தால் பிரித்துவிடுவதைத் தவிர வழியில்லை. இரண்டு ஆண்களை இந்த அளவுக் கூண்டில் சேர்த்து வைக்கவே கூடாது. குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் தீனி குறைந்து மூலைகளைத் தோண்டினால் குளிர்கால உறக்கத்துக்கு இடம் தேடுகிறது என்று பொருள். அதற்குப் பலகைத் தரை எந்த வகையிலும் உதவாது.

அப்படியென்றால் வாங்கலாமா? வீடாக வாங்காதீர்கள், படுக்கையறையாக வாங்கலாம். அடித்தட்டைக் கழற்றி, மூடிய அறையின் பக்கச்சுவரில் 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரத்துக்கு வாசல் வெட்டி, பெரிய அடைப்புக்குள் மண்மேல் நேராக வைத்துவிட்டால் அருமையாக உதவும். வெளி அடைப்பின் பலகைச் சுவர் தரைக்கு மேல் 45 செ.மீ., தரைக்குக் கீழ் 20 செ.மீ. இருக்கட்டும். மேல் விளிம்பில் உட்பக்கமாக 10 செ.மீ. பலகை நீட்டுங்கள், மூலைகளில் முக்கோணமாக மூடுங்கள். பெட்டி ஆமை மூலையில்தான் ஏறும், அதுவும் ஆச்சரியப்படும் வேகத்தில். நாய், எலி நடமாட்டம் இருந்தால் மேலேயும் வலை தேவை.

பார்சல் வந்ததும் உட்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்த்து, துருத்தி நிற்கும் ஸ்டேபிள் பின்களைக் குறடால் பிடுங்கிவிடுங்கள். மரத்துக்கு என்ன பூச்சி மருந்து அடித்தார்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் திருப்பி அனுப்புங்கள். கூட வரும் தண்ணீர்க் கிண்ணம் வழவழப்பாகவும் ஆழமாகவும் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, 3 முதல் 5 செ.மீ. ஆழமுள்ள அகலமான மண் தட்டை ஓரம் தரைமட்டத்துக்கு வரும்படி புதைத்து வையுங்கள். ஆமை அதில்தான் குடிக்கும், ஊறும், கழியும், ஆகவே தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.