அறிவியல் ஆசிரியராக எந்தப் பாதை: நான்கு ஆண்டா, ஐந்தா, ஏழா?

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். இயக்க விதிகள், அணுக்கரு இயற்பியல், தனிம வரிசை அட்டவணை, தாவர உள்ளமைப்பு, மரபியல் எல்லாம் ஒரே அட்டைக்குள் இருக்கும். அதை நடத்த வருகிற பட்டதாரி ஆசிரியரோ இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகிய நான்கில் ஒன்றை முதன்மைப் பாடமாகப் படித்தவர். சிறிய உயர்நிலைப் பள்ளிகளில் தாவரவியல் படித்தவரே ஒளியியலையும் நடத்துகிறார், செய்முறைத் தேர்வின் 25 மதிப்பெண்ணுக்கும் மாணவரைத் தயார் செய்கிறார். அதனால் எந்தப் படிப்பு சீக்கிரம் முடியும் என்பதைவிட, எது இந்த இடைவெளியை நிரப்பும் என்று பார்ப்பதே சரியான ஒப்பீடு.

பெரும்பாலானோர் போவது மூன்றும் இரண்டும் சேர்ந்த ஐந்தாண்டுப் பாதை. கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி., பிறகு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் பி.எட். முன்பு ஓராண்டாக இருந்த பி.எட்., 2015-16 முதல் இரண்டாண்டாகிவிட்டது. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியிலேயே கற்பித்தல் பயிற்சி. இந்தப் பாதையின் பெரும் பலம், பதினேழு வயதில் முடிவெடுக்கக் கட்டாயம் இல்லை என்பது. பட்டம் முடித்தபின் ஆசிரியர் வேலை வேண்டாம் என்று தோன்றினால் கையில் முழுமையான ஒரு பி.எஸ்சி. இருக்கும். சைதாப்பேட்டை, குமாரபாளையம், புதுக்கோட்டை, ஒரத்தநாடு போன்ற ஊர்களில் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் இருப்பதால், இடம் கிடைத்துவிட்டால் செலவும் மிகக் குறைவு.

பலவீனம் துணைப்பாடங்களில் இருக்கிறது. இயற்பியல் மாணவருக்குக் கணிதமும் வேதியியலும் துணைப்பாடங்கள். அவர் மேல்நிலையில் கணினி அறிவியல் பிரிவு எடுத்திருந்தால், உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவர். தாவரவியல் மாணவருக்குத் துணைப்பாடம் விலங்கியலும் வேதியியலும். கல்லூரியில் இயற்பியல் பக்கமே போகமாட்டார். பி.எட். வகுப்பில் கற்பிக்கும் முறை சொல்லித் தருவார்கள், விட்டுப்போன பாடத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 கேள்விகளில் 60 கணிதமும் அறிவியலும் கலந்து வரும். உயிரியல் பட்டதாரிகள் பலர் திணறுவது இந்த இடத்தில்தான். தகுதித் தேர்வில் தேறினாலும் வேலை உறுதியில்லை. 2018-ஆம் ஆண்டு அரசாணைப்படி நியமனத்துக்கென்று தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும்.

நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு இந்தக் குறைக்கு நேரடி பதிலாக உருவானது. 1963-இல் தொடங்கிய மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனத்தின் பி.எஸ்சி.எட். படிப்பைத்தான் முன்மாதிரியாகச் சொல்ல வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம் ஒரு பிரிவு; வேதியியல், தாவரவியல், விலங்கியல் இன்னொரு பிரிவு. மூன்று பாடங்களுக்கும் சம எடை தந்து உருவான படிப்பு அது. வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளி இருக்கிறது. அறிவியலைப் படிக்கிற அதே ஆண்டுகளில் அதை எப்படிச் சொல்வது என்றும் யோசிக்க வைக்கிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. வேதிப்பிணைப்பைப் படிக்கும்போதே, பதினான்கு வயதுப் பிள்ளை அதை எங்கே தவறாகப் புரிந்துகொள்ளும் என்ற கேள்வியும் கூடவே வருவது ஆசிரியருக்குப் பெரிய வரம். தெற்கு மாநிலங்கள் அனைத்துக்கும் பொதுவான நிறுவனம் என்பதால் இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வும் உண்டு. தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகள் சிலவும் நான்காண்டுப் படிப்பு நடத்துகின்றன. அங்கே ஆய்வகத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்; நல்ல ஆய்வகம் இல்லாத இடத்தில் ஓராண்டு மிச்சமாவதில் எந்தப் பயனும் இல்லை. நடுவில் மனம் மாறுகிறவருக்கும் இது ஏற்றதல்ல.

மூன்றாவது, எம்.எஸ்சி. முடித்து பி.எட். செய்வது. ஏழு ஆண்டுகள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு இதுதான் நேரடி வழி. இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இந்தப் பணிக்குத் தகுதித் தேர்வு தேவையில்லை, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு மட்டுமே. சம்பளத்துக்காக இதைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை: தொடக்க அடிப்படை ஊதியம் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 36,900. வித்தியாசம் 500 ரூபாய்தான். ஒரு பாடத்தை ஆழமாக நேசிக்கிறவர் போகட்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர விரும்புகிறவருக்கு இந்தக் கூடுதல் இரண்டாண்டு அவசியமில்லை. பணியில் சேர்ந்தபின் எம்.எஸ்சி. முடித்துப் பதவி உயர்வு வழியாகவும் முதுகலை ஆசிரியராகலாம்.

எந்தப் பாதை என்பதைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது பட்டத்தின் பெயர். உயிரித் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், பயன்பாட்டு வேதியியல் என்ற பெயர்களில் இளங்கலை சேர்கிறார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில்தான் அந்தப் பட்டம் விலங்கியலுக்கோ வேதியியலுக்கோ இணையானது என்ற அரசாணை உண்டா என்ற கேள்வி எழுகிறது. தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தும் அந்த மேசையில் திரும்பி வருவது மனதை உடைக்கிற அனுபவம். ஆசிரியர் வேலைதான் குறிக்கோள் என்றால் பழைய நான்கு பெயர்களில் ஒன்றையே எடுங்கள். வேறு மாநிலப் பட்டம், தன்னாட்சிக் கல்லூரியின் புதுப் பெயர்ப் பட்டம் எதுவானாலும், சேரும் முன்பே இணைத்தன்மை அரசாணையின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேந்திரிய வித்யாலயாவை நோக்குகிறவர்கள் அதன் விதிகளைத் தனியாகப் படிக்க வேண்டும். அங்கே அறிவியல் ஆசிரியர் பணி வேதியியல், தாவரவியல், விலங்கியல் படித்தவர்களை மையமாகக் கொண்டது, இயற்பியல் பட்டதாரிக்குப் பெரும்பாலும் கணித ஆசிரியர் பணிதான் வழி.

என்னைக் கேட்டால், மைசூருவில் இடம் கிடைக்கிறவர் தயங்காமல் போகலாம். மற்றவர்களுக்கு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி., அரசுக் கல்வியியல் கல்லூரியில் பி.எட். என்ற ஐந்தாண்டுப் பாதையே நல்லது. பி.எட். சேர்வதற்கு முன் வரும் விடுமுறையில், தன் பாடம் அல்லாத மற்ற மூன்றையும் ஆறு முதல் பத்து வரையிலான பள்ளிப் புத்தகங்களிலிருந்து செய்முறையோடு படித்து முடித்துவிட வேண்டும். முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்தவர்கள் பட்டத்தையும் பி.எட்.டையும் தமிழ்வழியிலேயே முடித்தால் அரசுப் பணி நியமனத்தில் 20 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும். 2020-இன் திருத்தத்துக்குப் பிறகு நடுவில் ஒரு கட்டத்தை ஆங்கிலவழியில் படித்தாலும் அந்த உரிமை போய்விடும். ஒவ்வொரு கட்டத்துக்குமான தமிழ்வழிச் சான்றை அந்தந்த நிறுவனத்தை விட்டு வெளியேறும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.