கழுவாமல் படிக்கும் சில்லு: 45 லெக்டின் கொண்ட லெக்சிப் எப்படி?

லெக்சிப் என்பது ஒரு கண்ணாடி ஸ்லைடு; அதில் 7 குழிகள். ஒவ்வொரு குழியிலும் 45 லெக்டின்கள் (சர்க்கரைத் தொடரைப் பிடிக்கும் புரதங்கள்), தலா மூன்று புள்ளிகளாக அச்சாகியிருக்கின்றன. மாதிரிப் புரதத்தின் மேல் எந்தச் சர்க்கரைத் தொடர் இருக்கிறதோ, அதைப் பிடிக்கும் புள்ளிகள் ஒளிரும். லெக்டின் பட்டியலில் நமக்குப் பழக்கமான பெயர்களே நிறைய: பலாக்கொட்டையின் ஜாக்கலின், நிலக்கடலையின் பிஎன்ஏ, ஆமணக்கின் ஆர்சிஏ-120.

இதற்குக் காசு கொடுப்பது படிக்கும் முறைக்காகத்தான். லெக்டினின் பிடி ஆன்டிபாடியின் பிடியைவிடத் தளர்வானது. சாதாரண ஸ்கேனரில் வைப்பதற்கு முன் ஸ்லைடைக் கழுவி உலர்த்தியாக வேண்டும். பலவீனமான பிணைப்பு அதிலேயே போய்விடும். இதற்கான கிளைக்கோஸ்டேஷன் ரீடர் கண்ணாடிப் பரப்பை ஒட்டிய 100–200 நானோமீட்டருக்குள் இருக்கும், மாதிரியில் ஏற்றிய சாயத்தை மட்டும் ஒளிரச் செய்கிறது. மேலே மிதப்பது பெரும்பாலும் பதிவாகாது. அதனால் கரைசல் குழியில் இருக்கும்போதே படித்துவிடலாம். ஜப்பானின் ஏஐஎஸ்டி ஆய்வு நிறுவனக் குழு 2005இல் வெளியிட்ட முறை இது. ரீடர் இல்லாமல் ஸ்லைடை மட்டும் வாங்கினால் அதன் பெரிய பலன் கைக்கு வராது.

சொதப்பல் பெரும்பாலும் சாயமேற்றும்போதே தொடங்குகிறது. சை-3 என்ற ஒளிரும் சாயம் புரதத்தின் அமீன்களில் ஒட்டும். அமீன் கொண்ட டிரிஸ் அல்லது கிளைசின் மாதிரியில் இருந்தால் சாயத்தை அவை தின்றுவிடும். பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலுக்கு மாற்றிய பிறகே சாயத்தைச் சேர்க்க வேண்டும். மிஞ்சிய சாயத்தை உப்புநீக்கும் தம்பத்தில் (column) பிரித்தெடுங்கள். பிறகு 1 மில்லிமோலார் கால்சியம், 1 மில்லிமோலார் மாங்கனீஸ், 1% டிரைட்டான் கலந்த டிரிஸ் உப்புக் கரைசலில் நீர்க்கச் செய்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டு, ஈரப்பெட்டியில் 20 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் எடுத்த பிளாஸ்மா என்றால் கவனம்: இடிடிஏ கால்சியத்தைப் பறித்துக்கொள்வதால் கான்-ஏ போன்ற லெக்டின்கள் மங்கிவிடும்.

ஒரே செறிவில் ஓட்டி முடிவு எழுதாதீர்கள். மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமில் தொடங்கிப் பாதி பாதியாகக் குறைத்து, எந்தப் புள்ளியும் உச்சத்தில் முட்டாத செறிவைத் தேர்ந்தெடுங்கள். முட்டிய புள்ளிகளை வைத்துச் சராசரிப்படுத்தினால் மற்ற 44 எண்களும் கோணலாகும்.

சீரத்தை அப்படியே ஊற்றினால் தெரிவது ஐஜிஜி, டிரான்ஸ்ஃபெரின் போன்ற மிகுதியான புரதங்களின் சர்க்கரைதான். தேடும் புரதத்தை ஆன்டிபாடியால் தனியே இழுத்து, சாயமேற்றாமல் குழியில் விட்டு, மேலே பயோட்டின் ஆன்டிபாடியும் சை-3 ஸ்ட்ரெப்டவிடினும் சேர்ப்பதே நல்ல வழி. இங்கேயும் ஒரு பொறி உண்டு. ஆன்டிபாடியின் எஃப்சி என்ற வால் பகுதியிலேயே சர்க்கரை இருக்கிறது. மாதிரி இல்லாமல் ஆன்டிபாடி மட்டும் விட்ட குழி ஒன்று கட்டாயம் வேண்டும். ஸ்ட்ரெப்டவிடினுக்குப் பதில் அவிடின் போட்டால் அதன் மானோஸைக் கான்-ஏ பிடித்துக்கொள்ளும். ஆர்சிஏ-120 தானும் சர்க்கரை தாங்கிய புரதம் என்பதால், மாதிரியில் சர்க்கரை பிடிக்கும் புரதம் இருந்தால் அதுவே லெக்டினின் சர்க்கரையைப் பிடித்துத் தலைகீழாக ஒட்டலாம். ஆர்சிஏ பிடிக்கும் சர்க்கரையான லாக்டோஸைப் போட்டியாகச் சேர்த்தும் அதன் புள்ளி அணையாவிட்டால் அந்த ஒளியை நம்ப வேண்டாம்.

நோயறிதல் சோதனையாக இதை வாங்காதீர்கள். எந்த லெக்டின் வேண்டும் என்று தேடுவதற்கான கருவி இது. கல்லீரலில் நார்த்திசு படிவதை அறியும் எம்2பிபிஜிஐ இரத்தச் சோதனை அப்படி வந்ததுதான். இதுபோன்ற லெக்டின் சில்லில் (அரே) விஸ்டீரியா என்ற கொடியின் லெக்டின் தேறியது. பிறகு அது ஒன்றை மட்டும் வைத்து 17 நிமிடத்தில் முடிவு தரும் தானியங்கிச் சோதனை உருவாகி, 2015இல் ஜப்பானின் மருத்துவக் காப்பீட்டுக்குள் வந்தது. புரதம் முடிவாகி, ஒரே ஒரு லெக்டினில்தான் சந்தேகம் என்றால் லெக்டினும் ஆன்டிபாடியும் சேர்ந்த எலைசா (தட்டுச் சோதனை) போதும், செலவும் குறைவு.