ஏற்காடு ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லையா? கிளட்ச்சா, பெட்ரோலா?

பழைய மாருதி 800, ஜென் மாதிரி வண்டிகளில் கோளாறு இருந்தாலும் சேலம் டவுனுக்குள் தெரியாது. அடிவாரம் தாண்டி ஏறத் தொடங்கியதும்தான் குட்டு வெளிப்படும். உடனே ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்று யாராவது பயமுறுத்துவார்கள். நம்பிவிடாதீர்கள். மேனுவல் கியர்பாக்ஸ் கெட்டால் இரையும், கியர் சரியாக விழாது, விழுந்த கியர் கழன்று வரும். இழுவை மட்டும் குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளட்ச் (இன்ஜின் சக்தியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் இணைப்பு) அல்லது பெட்ரோல் வரும் வழி.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது காதுதான். ஆக்சிலேட்டரை மிதித்ததும் இன்ஜின் அலறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. கருகல் வாடையும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். மிதித்தும் சத்தம் எழாமல், வண்டி விட்டு விட்டு இழுத்தால் பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு, சோர்ந்த பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) ஜெட்டின் சிறு துளையில் தூசு என்று தேடலாம். சமதளத்தில் குறைந்த பெட்ரோலே போதும் என்பதால் அங்கே இது மறைந்துகொள்ளும்.

கிளட்ச்சை உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. ஆளில்லாத சமதளத்தில் முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, நான்காவது கியரில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடினால் நழுவல்தான். ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் கிளட்ச் பிளேட்டும் தேய்ந்துவிடும்.

செலவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஃபில்டர் மாற்றுவது சில நிமிட வேலை. கிளட்ச்சுக்கு கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதனால் குழப்பம் இருந்தால் நான் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். கிளட்ச் பக்கமே கை போனாலும் முதலில் கேபிள். பெடலில் பிளே (மிதித்ததும் முதலில் வரும் சிறு தளர்வு) இல்லாமல் கேபிள் இறுகியிருந்தால் நல்ல பிளேட்டும் நழுவும். கேபிள் நட்டைத் தளர்த்தினாலே தீர்ந்துவிடலாம். ஏறி வந்த வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அது பிரேக் ஜாம், இந்த இரண்டிலும் சேராது.

இன்னொன்று, சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்று அடர்த்தி குறைவதால் எந்த கார்புரேட்டர் வண்டியும் பத்தில் ஒரு பங்கு சக்தியையாவது இழக்கும். மேலே ஏற்காடு ஏரி அருகே கொஞ்சம் மந்தமாக இருப்பது கோளாறில்லை. முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே திணறினால்தான் கோளாறு.

கிளட்ச்தான் என்று முடிவானால் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்ததும் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இன்ஜின் ஆயில் சீல் கசிகிறதா என்றும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். கசிந்தால் புதுப் பிளேட்டிலும் ஆயில் பட்டு மறுபடி நழுவும்.