டெல்லியிலிருந்து வெளிநாட்டு ஆய்வுத் தொடர்பு: வரலாற்று மாணவருக்கு எந்த வழி உதவும்?

ஜேஎன்யூவிலோ டெல்லி பல்கலைக்கழகத்திலோ வரலாற்றில் பிஎச்.டி. செய்யும் தமிழ் மாணவருக்கு நான்கு வழிகள் கண்ணில் படும். பேராசிரியருக்கு நேரே மெயில் போடலாம், மாநாட்டுக்குப் போகலாம், டெல்லியிலேயே இருக்கும் வெளிநாட்டு மையங்களை அணுகலாம், ஃபெலோஷிப் வாங்கிக்கொண்டு சில மாதம் அங்கேயே போய் இருக்கலாம். பெரும்பாலோர் கடைசி வழியில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அதற்கு வேண்டிய அழைப்புக் கடிதம் மற்ற மூன்றில் ஒன்றிலிருந்துதான் வர வேண்டும்.

மெயிலுக்குச் செலவில்லை. பதிலும் அபூர்வம். காரணம் பெரும்பாலும் மெயிலுக்குள்ளேயே இருக்கும். "தங்கள் நூல்களைப் படித்து வியந்தேன், தங்கள் வழிகாட்டுதலில் பணியாற்ற ஆவல், சி.வி. இணைத்துள்ளேன்" என்று எழுதினால் அந்தப் பக்கம் இருப்பவர் என்ன பதில் சொல்வார்? கேட்கப்பட்டது எதுவும் இல்லையே. டென்மார்க்கின் வசம் இருந்த தரங்கம்பாடி பற்றி ஆய்வு செய்பவர் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: "1845-இல் ஊர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியிடம் கைமாறியது பற்றிய ஆங்கிலக் கடிதங்களை ஜன்பத் தேசிய ஆவணக்காப்பகத்தில் பார்த்துவிட்டேன். நிலக்குத்தகை பற்றிய தமிழ் மனுக்கள் கோபன்ஹேகனில் எந்தத் தொகுப்பில் இருக்கும்?" ஐந்து நிமிடத்தில் பதில் எழுதக்கூடிய கேள்வி அது. தலைப்பு வரியில் ஊரும் ஆண்டும் இருக்கட்டும். 150 சொல்லுக்கு மேல் வேண்டாம், இணைப்பும் வேண்டாம். பல்கலைக்கழக முகவரியிலிருந்து அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிட வேண்டும்.

பெரிய பெயர்களைத் துரத்துவதில் பயனில்லை. பட்டம் முடித்து ஐந்தாறு ஆண்டுக்குள் இருப்பவர்களுக்குக் காப்பகக் கோப்பு எண்கள் இன்னும் நினைவில் இருக்கும், பேசவும் ஆர்வம் இருக்கும். அவர்களுடைய முதல் நூலின் நன்றியுரைப் பக்கத்தைப் படித்தால் யார் யாரோடு பழகுகிறார்கள் என்ற வரைபடமே கிடைத்துவிடும்.

மாநாடுகளில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வித்தியாசம் பெரிது. மாடிசனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நடத்தும் தெற்காசிய மாநாடு அக்டோபரில் வரும். ஆசிய ஆய்வுச் சங்கத்தின் ஆண்டு மாநாடு மார்ச்சில். இரண்டிலும் கட்டுரை ஏற்கப்படுவதைவிட விசா நேர்காணல் தேதி கிடைப்பதுதான் பெரும்பாடு. ஏற்புக் கடிதம் கையில் இருக்க, தேதி மாநாட்டுக்குப் பிறகு விழுந்து போனவர்கள் உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐரோப்பாவில் நடக்கும் தெற்காசிய ஆய்வு மாநாடு (2023-இல் டூரின், 2025-இல் ஹைடெல்பர்க்) முதலில் பேனல்களை, அதாவது ஒரே பொருளில் சிலர் பேசும் அமர்வுகளை, தேர்ந்தெடுத்து, பிறகுதான் அந்தந்த பேனலுக்குக் கட்டுரை கேட்கும். புதியவருக்கு இந்த இரண்டு கட்ட முறையே நல்லது. பேனல் நடத்துபவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், அவருக்கு எழுதிக் கேட்கலாம். மேடையில் பேசும் பதினைந்து நிமிடத்தால் பெரிய பலன் ஒன்றும் இல்லை. அதற்கு முன் பேனலில் உள்ள மூன்று நான்கு பேரோடு மாதக்கணக்கில் நடக்கும் கடிதப் போக்குவரத்துதான் லாபம். பயண நிதிக்கு ஃபெரோஸ்ஷா சாலையில் உள்ள ஐசிஎச்ஆரை (இந்திய வரலாற்று ஆய்வுக் கழகம்) கேட்கலாம். ஆனால் டிக்கெட் பணம் முதலில் நம் கையிலிருந்துதான் போகும் என்றே கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது வழியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. டெல்லியில் இருப்பதன் ஆதாயமே அதுதான், சென்னையிலோ மதுரையிலோ இருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. ஜெர்மனியின் மாக்ஸ் வெபர் அறக்கட்டளைக்கு இங்கே கிளை உண்டு. அந்த அறக்கட்டளை டெல்லியின் சமூக ஆய்வு மையமான சிஎஸ்டிஎஸ் போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய மெரியன்–தாகூர் மையத்தில் வரலாற்றுக்கும் உழைப்புக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. அப்துல் கலாம் சாலையில் இருக்கும் பிரெஞ்சு மையமான சிஎஸ்எச்சில் பொருளாதாரமும் நகர ஆய்வும்தான் தூக்கல். இடைக்காலத் தமிழகம் என்றால் அங்கே தேடாமல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்கே எழுதிவிடலாம். இலங்கை, மலாயா தோட்டத் தொழிலாளர் பற்றி ஆய்வு செய்பவருக்கு 1996-இல் டெல்லியில் தொடங்கிய இந்தியத் தொழிலாளர் வரலாற்றாய்வாளர் சங்கத்தின் மாநாடு பொருத்தமானது. அந்தத் துறையில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களைப் பறக்காமலேயே சந்தித்துவிடலாம்.

இந்த மையங்களின் கருத்தரங்குக்குப் போய் டீயும் சமோசாவும் சாப்பிட்டுத் திரும்புவதால் ஒன்றும் நடக்காது. பேசுபவரின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டுப் போய், கேள்வி நேரத்தில் ஒரு சான்றைக் குறிப்பிட்டுக் கேட்டு, அன்றிரவே அந்தக் கோப்பு எண்ணை மெயிலில் அனுப்பினால் அறிமுகம் ஒட்டும். ஜன்பத் ஆவணக்காப்பகத்துக்கும் தீன்மூர்த்தி நூலகத்துக்கும் ஜூன், ஜூலையிலும் டிசம்பரிலும் தவறாமல் போங்கள். வெளிநாட்டவர் தங்கள் பல்கலைக்கழக விடுமுறையில்தான் வருவார்கள்.

ஃபெலோஷிப்புக்கு வருவோம். ஃபுல்பிரைட்–நேரு முனைவர் ஆய்வு உதவி ஆறு முதல் ஒன்பது மாதம். விமானச் செலவு, மாதத் தொகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதில் அடங்கும். விண்ணப்பித்து விமானம் ஏற ஏறக்குறைய ஓராண்டு ஆகும். பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசா என்பதால் திரும்பி வந்து இரண்டு ஆண்டு இந்தியாவில் இருந்த பிறகே அமெரிக்க வேலை விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ போக முடியும். சார்லஸ் வாலஸ் அறக்கட்டளையின் குறுகிய கால நிதி பிரிட்டனுக்கு மட்டும், மூன்று மாதத்துக்குள், முழுச் செலவும் வராது. கும்பெனி ஆவணங்களில் குறிப்பிட்ட சில தொகுதிகளைப் பார்த்து முடிக்க வேண்டும் என்றால் இந்தச் சார்லஸ் வாலஸ் நிதியே போதும். ஆளைத் தெரிந்துகொண்டு சேர்ந்து எழுத வேண்டுமானால் மூன்று மாதம் பற்றாது. எதுவானாலும் பல்கலைக்கழகத்தின் என்ஓசிக்கு (தடையில்லாச் சான்று) முன்கூட்டியே மனுப் போடுங்கள். கைடு, துறை, நிர்வாகம் என்று கோப்பு நகர்வதற்குள் கெடு தாண்டிவிடும். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்குபவர், வெளியே இருக்கும் மாதங்களுக்கு அந்தத் தொகை உண்டா இல்லையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இந்த நான்கில் எதில் போனாலும் தமிழ் மாணவர் கையில் ஒரு துருப்புச்சீட்டு உண்டு: பழைய தமிழ்க் கையெழுத்தைப் படிக்கத் தெரிவது. கோபன்ஹேகனில் தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-இல் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் எழுதிய கடிதம் இருக்கிறது. ஜெர்மனியின் ஹாலேயில் தரங்கம்பாடி மிஷனின் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. இவற்றைப் படிக்க ஆள் தேடுபவர்கள் இருக்கிறார்கள். "நாற்பது பக்கம் படித்துத் தர முடியுமா" என்று ஆரம்பித்து, வெளியீட்டில் அடிக்குறிப்பில் ஒரு வரி நன்றியோடு முடிந்துவிடுவது வாடிக்கை. ஆகவே முதல் இரண்டு பக்கத்தை நட்புக்காகப் படித்துக் கொடுங்கள். மூன்றாவது பக்கத்துக்கு முன் இணை ஆசிரியரா, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலியா, நம் வாசிப்பை நம் ஆய்வேட்டில் பயன்படுத்தலாமா என்று மூன்றையும் மெயிலில் கேட்டுப் பதில் வாங்கிவிட வேண்டும்.

ஊரில் ஒரு வீட்டுச் சுவடியை ஸ்கேன் செய்ய வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்னால் மட்டும் பேரமே வேண்டாம். 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு அனுப்புவது குற்றம். ஸ்கேனரை இங்கே வரவழைத்து, பிரதி ஒன்றை உள்ளூர் நூலகத்தில் வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டமும் 2004-இலிருந்து அப்படித்தான் நடக்கிறது: மூலம் அந்தந்த நாட்டிலேயே இருக்கும், படம் மட்டும்தான் பயணப்படும்.