ஏற்காட்டுக் கூலிக் கணக்கு: எந்த பிரவுசர், எந்த ஃபான்ட்?

“தம்பி, தொகைக்கு முன்னாடி வரிக்கு வரி ஒரு கட்டம் வருதுங்களே, அதுல டிக் அடிக்கணுங்களா?”

ஏற்காட்டுக்கு அப்பால், நாகலூர் போகும் வழியில் இருக்கும் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் அண்ணன் போனில் கேட்டது இது. டிக் அடிக்கும் கட்டம் எதையும் நான் வைக்கவில்லை. அவர் பார்த்தது ₹ குறி. அதை இந்தியா ஏற்றுக்கொண்டது 2010 ஜூலையில். தோட்டத்து ஆபீஸில் இருப்பதோ 2009-இல் வந்த விண்டோஸ் 7. பின்னால் வந்த ஒரு அப்டேட்டில் ₹ சேர்ந்தது, ஆனால் அந்தக் கணினி அப்டேட் எதையும் கண்டதில்லை. தன்னிடம் இல்லாத குறிக்கு ஃபான்ட் வெற்றுக் கட்டத்தைப் போட்டுவிட்டது. சேலம் அழகாபுரத்தில் என் லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது.

பறிப்பவர் பெயர், பழத்தின் எடை, அன்றைய கூலி. அந்தத் தோட்டத்துக்கு நான் செய்து கொடுத்த, பிரவுசரில் திறக்கும் வெப் ஆப் செய்வது இவ்வளவுதான். அதைத் திறப்பவை நான்கு: ஆபீஸ் கணினி, மேஸ்திரியின் ஆண்ட்ராய்டு 6 போன், அஸ்தம்பட்டி வீட்டிலிருந்து கணக்கு பார்க்கும் முதலாளியின் ஐபோன், என் லேப்டாப். நான்கிலும் மாறி மாறித் தகராறு வந்ததில், எதை வைத்து ஒப்பிடுவது என்பதே எனக்கு மாறிப்போனது. முன்பு எது வேகம், எது அழகு என்று பார்ப்பேன். இப்போது பார்ப்பது ஒன்றுதான்: கெட்டுப்போனால் கெட்டது வெளியே தெரிகிறதா? ₹ கட்டமாக வந்தது நல்ல கோளாறு. கண்ணில் பட்டது, போன் வந்தது, ‘ரூ.’ என்று மாற்றினேன், ஐந்து நிமிட வேலை. சத்தமில்லாமல் கெடுவதுதான் ஆளைக் கொல்லும்.

ஆபீஸ் கணினி: குரோம் 109, ஃபயர்பாக்ஸ் 115

விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம் 109. அது 2023 ஜனவரியில் வந்தது, அடுத்த 110 விண்டோஸ் 10 இருந்தால்தான் ஏறும். ஃபயர்பாக்ஸில் நீண்ட நாள் ஆதரவுள்ள ஈஎஸ்ஆர் 115 வரை அந்தக் கணினிக்குக் கிடைக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் குரோமுக்கு நின்ற பிறகும் ஃபயர்பாக்ஸுக்கு வந்துகொண்டிருந்தன. அதனால் ஆபீஸில் ஃபயர்பாக்ஸ். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

தமிழ் எழுத்தைக் கோத்துக் காட்டுவதில் இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க முடியாது. ‘கோ’ என்றால் கொம்பை முன்னால், காலைப் பின்னால் வைக்கும் வேலையை இரண்டிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நிரல்தான் செய்கிறது. “குரோமில் தமிழ் உடையுது, ஃபயர்பாக்ஸில் சரியா வருது” என்று இன்றும் யாராவது சொன்னால், பெரும்பாலும் அது பிரவுசரின் கதை அல்ல, இரண்டும் வேறு வேறு ஃபான்ட்டை எடுத்துக்கொண்ட கதை.

ஒரு இடத்தில் இரண்டும் ஒன்றாகக் கவிழ்ந்தன. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி சிஎஸ்எஸ். அதில் விதிக்குள் விதி எழுதும் புது வசதி குரோமில் 112-இலும் ஃபயர்பாக்ஸில் 117-இலும்தான் வந்தது. அதை நம்பி எழுதியதில் ஆபீஸ் கணினியில் நிறம், கட்டம், இடைவெளி எல்லாம் கழன்று, பக்கம் வெறும் பட்டியலாக நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் கணக்கு சரியாக இருந்தது. இதுவும் நல்ல கோளாறுதான்.

மேஸ்திரியின் போன்

இதுதான் எனக்குப் பாடம் எடுத்தது. 2024 மார்ச், மிளகு பறிப்பு முடியும் நேரம். மேஸ்திரி தினமும் எடையைப் போட்டுக்கொண்டிருந்தார். ஆப் திறந்தது, பெயர்கள் வந்தன, ‘சேமி’ என்றால் சேமித்தது. சேலத்தில் மட்டும் ஒன்றும் வந்து சேரவில்லை. மலையில் சிக்னல் இல்லை என்று நானும் சொன்னேன், முதலாளியும் நம்பினார். ஏற்காட்டில் எதற்கும் சொல்லக்கூடிய காரணம் அது. ஒன்பது நாள் போயிற்று.

நடந்தது வேறு. என் சர்வருக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அப்படி ஒன்றை நம்பலாமா என்று பிரவுசர் பார்ப்பது, அதற்குக் கையெழுத்துப் போட்ட மூலச் சான்றிதழ் தன் பட்டியலில் இருக்கிறதா என்றுதான். ஆண்ட்ராய்டு 7.1.1-க்குக் கீழே உள்ள போன்களுக்கு அந்த மூலச் சான்றிதழைத் தெரியாது. இன்னொரு பழைய மூலத்தின் கையெழுத்தைக் கூடவே அனுப்பித்தான் சான்றிதழ் தருபவர்கள் சில வருடங்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து அதை வழக்கமாக இணைப்பதை நிறுத்தினார்கள், செப்டம்பர் 30-உடன் அதன் ஆயுளும் முடிந்தது. முன்கூட்டியே அறிவித்தும் இருந்தார்கள். படிக்காதது என் தப்பு. என் சர்வரில் சான்றிதழ் புதுப்பித்த நாளிலிருந்து அந்த போனின் குரோம் என் சர்வரை நம்ப மறுத்தது. ஆனால் நெட் இல்லாதபோதும் ஓட வேண்டும் என்று பக்கத்தை போனுக்குள்ளேயே பதுக்கி வைக்கும் வசதியைச் செய்திருந்தேன் அல்லவா? அதனால் எச்சரிக்கைப் பலகை வரவேயில்லை. பதுக்கிய பக்கம் சிரித்த முகத்தோடு திறந்தது, அனுப்பும் வேலை மட்டும் பின்னால் ஒவ்வொரு முறையும் தோற்றது.

அதே போனில் ஃபயர்பாக்ஸைப் போட்டுத் திறந்தேன். உடனே ஓடியது. காரணம், குரோம் ஆண்ட்ராய்டில் போனிடம் உள்ள மூலச் சான்றிதழ்களைப் பார்த்தது, ஃபயர்பாக்ஸ் தன் பட்டியலைத் தானே சுமந்து வந்தது. பழைய போனுக்கு ஃபயர்பாக்ஸ் என்று நான் சொல்வது இதனால்தான், வேகத்தால் அல்ல. அந்த போனில் வேகம் கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

சரி, ஃபயர்பாக்ஸில் திறந்தாயிற்று, ஒன்பது நாள் கணக்கு? அது குரோம் போனுக்குள் சேமித்து வைக்கும் கிடங்கில். ஒரு பிரவுசரின் கிடங்கை இன்னொன்று தொட முடியாது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, யுஎஸ்பி கேபிளோடு போய்ச் சேர்ந்தேன். இங்கே குரோமுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் டெவலப்பர் வசதியைத் திறந்து கேபிளைச் செருகினால், போன் பிரவுசரின் வயிறு முழுவதும் லேப்டாப் திரையில் தெரியும். விண்டோஸா லினக்ஸா என்று அது கேட்பதில்லை. சிவப்பு நிறத்தில் சான்றிதழ்ப் பிழை வரிசையாக நின்றது. கிடங்கிலிருந்த எடைகளை அப்படியே நகலெடுத்துக்கொண்டேன். மேஸ்திரி பக்கத்தில் நின்று, “அப்ப எல்லாம் உள்ளாறதான் இருந்துச்சுங்களா?” என்றார். இருந்தது. அந்த வாரமே திரையின் தலைப்பில் ‘கடைசியாக அனுப்பியது: எத்தனை நாள் முன்பு’ என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டு நாள் தாண்டினால் அது சிவப்பாகும்.

முதலாளியின் ஐபோன்

ஐபோனில் குரோமையும் சஃபாரியையும் ஒப்பிடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. நம் ஊரில் அது ஒரே கடையில் இரண்டு பலகை. அங்கே எந்த பிரவுசரைப் போட்டாலும் அடியில் பக்கத்தை வரைந்து காட்டுவது ஆப்பிளின் வெப்கிட் என்ற ஒரே நிரல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-இல் ஐஓஎஸ் 17.4 முதல் விலக்கு கொடுத்தார்கள், அஸ்தம்பட்டிக்கு அது வரவில்லை. ஆகவே “குரோமில் திறந்து பாருங்கள்” என்ற நம் வழக்கமான வைத்தியம் ஐபோனில் பெரும்பாலும் பலிக்காது.

ஐபோனும் ஆண்ட்ராய்டும் நிஜமாகவே பிரியும் இடம் கிடங்கு. 2020 மார்ச்சில் வந்த விதி: சஃபாரியை ஏழு நாள் பயன்படுத்தி, அந்த நாட்களில் ஒரு தளத்தை மட்டும் தொடாமல் விட்டால், அந்தத் தளம் சேமித்து வைத்ததைச் சஃபாரி துடைத்துவிடும். விளம்பரக்காரர்கள் பின்தொடர்வதைத் தடுக்க வந்த விதி, நியாயமானது. முதலாளி தொழிலாளர்களுக்குக் கொடுத்த முன்பணத்தை எழுதி வைத்திருந்தார், ‘அனுப்பு’ அழுத்தவில்லை. கோயில், கல்யாணம் என்று பத்து நாள் கழித்துத் திறந்தால் வெள்ளைத் திரை. ‘அனுப்பு’ என்று தனியாக ஒரு பொத்தான் வைத்ததே என் பிழை. எழுதிய உடனே அனுப்பியிருக்க வேண்டும்.

ஆப்பை முகப்புத் திரையில் சேர்த்துவிட்டால் இந்த ஏழு நாள் விதி அதைத் தொடாது. அவரைச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்ததும் இன்னொரு போன்: “இருந்ததும் போச்சேப்பா!” ஐபோனில் முகப்புத் திரை ஆப்புக்குத் தனிக் கிடங்கு, சஃபாரியில் இருந்தது அங்கே வராது. ஆண்ட்ராய்டு குரோமில் இரண்டும் ஒரே கிடங்கு. யாருக்காவது ஆப் செய்து கொடுத்தால், ஐபோன்காரரை முதல் நாளிலேயே முகப்புத் திரையில் சேர்க்க வையுங்கள்.

ஐபோன் பிரவுசரின் உள்ளே பார்க்க மேக் வேண்டும், என்னிடம் இல்லை. நண்பர் ஒருவரின் மேக்கைத் தேடி ஐந்து ரோடு வரை போய், வழியில் தட்டுவடை செட் தின்றதுதான் அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான லாபம். கோளாறு தேடும் வசதி என்று பார்த்தால் ஆண்ட்ராய்டுக்குப் பக்கத்தில் ஐபோன் நிற்க முடியாது.

போனின் ஃபான்ட்டா, நாம் அனுப்பும் ஃபான்ட்டா?

விண்டோஸ் 7-இல் லதா, விண்டோஸ் 10-இல் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபோனில் தமிழ் சங்கம். நம் பக்கம் ஒன்றும் சொல்லாவிட்டால் இவைதான் வரும். நான்கும் நல்ல ஃபான்ட்கள், ஆனால் நான்குக்கும் நான்கு அகலம். என் லேப்டாப்பில் ஒரே வரியில் அடங்கிய ‘வெள்ளையம்மாள்’, லதாவில் பக்கத்துக் கட்டத்தின் எடை மேல் ஏறி உட்கார்ந்தாள். விஜயாவைத் தேர்ந்தெடுத்தால் அதே அளவில் எழுத்து பொடியாகிவிடும், ரைட்டர் அண்ணன் கண்ணாடியைத் தேடுவார்.

முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் போல ஒன்றைப் பக்கத்தோடு அனுப்பினால் எங்கும் ஒரே அகலம். நானும் முக்த மலரில்தான் தொடங்கினேன். அழகில் என் ஓட்டு இன்றும் அதற்கே. ஆனால் ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் ஃபான்ட் வந்து சேரும்வரை என்ன காட்டுவது? அதைச் சொல்ல சிஎஸ்எஸ்ஸில் ஒரு அமைப்பு உண்டு. பிரவுசரின் போக்கில் விட்டால் மூன்று விநாடி வரை எழுத்தே தெரியாது. ‘ஸ்வாப்’ என்றால் முதலில் போனின் ஃபான்ட்டில் காட்டி, பிறகு மாற்றும். அந்த மாற்றத்தில் வரிகள் குதிக்கும், மேஸ்திரி ஒரு பெயரைத் தொடப்போய் அடுத்தவர் பெயரைத் தொட்டுவிடுவார். இரண்டு பேர் எடை இடம் மாறினால் யார் கண்டுபிடிப்பது? ‘ஆப்ஷனல்’ என்றால் நூறு மில்லி விநாடிக்குள் வராத ஃபான்ட்டை அந்த முறைக்கு விட்டுவிடும், குதிப்பு இல்லை. இதுதான் மலைக்குப் பொருந்தியது.

கடைசியில் அதையும் எடுத்துவிட்டேன். எடை போடும் திரையில் போனின் ஃபான்ட், கட்டத்தை அகலமாக்கி, வரி உயரத்தைக் கூட்டி வைத்தாயிற்று. ‘கூ’, ‘மூ’ கால்கள் வெட்டுப்படுவதும் அதோடு நின்றது. முதலாளி பார்க்கும் மாதக் கணக்கில் மட்டும் முக்த மலர் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எந்த எழுத்து எந்த ஃபான்ட்டிலிருந்து வருகிறது என்று பார்க்க ஃபயர்பாக்ஸ்தான் கெட்டிக்காரன். அதன் ஃபான்ட் பலகையில் பெயர் மேல் சுட்டியை வைத்தால், பக்கத்தில் அந்த ஃபான்ட்டில் உள்ள எழுத்துகள் மட்டும் ஒளிரும். குரோமும் ஃபான்ட் பெயரையும் எத்தனை எழுத்து என்பதையும் சொல்லும், எந்த எழுத்து என்று காட்டாது.

பிடிஎஃப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்துக்குள்ளேயே பிடிஎஃப் செய்யும் ஒரு நிரலைப் போட்டுக் கூலிச் சீட்டு எடுத்தேன். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, ‘சேலம்’ சேலமாக இல்லை. எழுத்தைக் கோக்கத் தெரியாத நிரல் அது. பிரவுசரின் பிரிண்ட் வழியாக பிடிஎஃப் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஓரத்தில் வரும் தேதி, முகவரியை மட்டும் அணைத்துக்கொள்ளுங்கள்.

எந்த பிரவுசரும் பிடிக்காதது

போன பறிப்பில் ஒருவர் நாள் கணக்கு குறைகிறது என்று வந்து நின்றார். பெயர் கௌரி. ஆபீஸில் ரைட்டர் அண்ணன் ‘கௌரி’ என்று சரியாக அடித்திருக்கிறார். மேஸ்திரி போனில் ‘கெ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ போட்டு ‘கெளரி’ ஆக்கியிருக்கிறார். பார்க்க இரண்டும் ஒன்றுபோல, கணினிக்கோ இரண்டு பெண்கள். பாதி நாள் ஒருத்தி பேரில், பாதி நாள் இன்னொருத்தி பேரில். தேடினாலும் ஒன்றைக் கேட்டால் மற்றது வராது, குரோமானாலும் ஃபயர்பாக்ஸானாலும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடின் சீராக்கும் விதி ‘கொ’வின் இரண்டு வடிவங்களை ஒன்றாக்கும், இதை ஒன்றாக்காது. அதன் கணக்கில் ள தனி எழுத்து.

நானே ஒரு மாற்று விதி எழுதினேன்: கொம்புக்குப் பின்னால் வெறும் ள வந்தால் ஔகாரக் குறியாக்கு. பெயர்ப் பட்டியலுக்கு மட்டும்தான் அது. குறிப்புக் கட்டத்திலும் ஓடவிட்டிருந்தால் ரைட்டர் அண்ணன் எழுதும் ‘வெளக்கு மாத்தணும்’ எல்லாம் ‘வௌக்கு மாத்தணும்’ ஆகியிருக்கும்.

ஸ்ரீ இன்னும் மிச்சம் இருக்கிறது. ஸகரத்தை வைத்து எழுதுவது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்து எழுதுவது இன்னொன்று. பல ஃபான்ட்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே, ஒரு கீபோர்டு இதைத் தரும், மறு கீபோர்டு அதைத் தரும். இந்த வாரம் ஸ்ரீதேவி என்று ஒருவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாராம். ஆபீஸில் ஒரு தடவை, மேஸ்திரியின் புது போனில் ஒரு தடவை பெயரைப் போட்டாயிற்று என்று ரைட்டர் அண்ணன் நேற்றுதான் சொன்னார்.