பயணத்துக்கான கிரேக்க ஒலிப்பாடம்: தமிழ்க் காதுக்கு எவ்வளவு உதவுகிறது?

கிரேக்க நாட்டுக்குப் புறப்படுவதற்கு ஆறு வாரங்கள் முன்பு, பயணிகளுக்கென ஆங்கிலம் வழியாகக் கற்பிக்கும் ஓர் ஒலிப்பாடத் தொகுப்பை வாங்கி, நாள்தோறும் அரை மணி நேரம் கேட்டுவந்தேன். கூடவே ஒரு சிறு கையேடும் தருகிறார்கள். ஏதென்ஸிலும் தீவுகளிலும் அந்தக் கிரேக்கத்தைப் பேசிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

இத்தொகுப்பில் நான் மிகவும் மதிப்பது, சொல்லின் எந்த அசையை அழுத்த வேண்டும் என்பதை அது விடாப்பிடியாகப் பழக்குவதைத்தான். காலை வணக்கமான 'கலிமேரா'வில் 'மே' அழுந்த வேண்டும். தயவுசெய்து என்பதற்கும், நன்றிக்கு மறுமொழியாகவும் வரும் 'பரக்கலோ'வில் கடைசி 'லோ' அழுந்த வேண்டும். தமிழில் அழுத்தம் இடம் மாறினாலும் பொருள் மாறுவதில்லை என்பதால் நம் காது இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் கிரேக்கத்தில் 'பொத்தே' என்னும் சொல்லை முதலசையில் அழுத்தினால் 'எப்போது' என்றும், இரண்டாம் அசையில் அழுத்தினால் 'ஒருபோதும்' என்றும் பொருள். பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் எப்போது புறப்படும் என்று நான் அழுத்தம் மாற்றிக் கேட்டபோது, பயணச்சீட்டு தந்தவர் அச்சொல்லைச் சரியாக ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டே நேரத்தைச் சொன்னார்.

ஒலிகளைப் பொறுத்தவரை, ஆங்கிலம் பேசுவோரை மனத்தில் வைத்தே பாடங்களை அமைத்திருக்கிறார்கள். அதனால் நமக்கு எளியவற்றில் அதிக நேரம் போகிறது. எடுத்துக்காட்டாக, 'ப' ஒலிக்குரிய எழுத்தின் முன் 'ம' ஒலிக்குரிய எழுத்தைச் சேர்த்தெழுதினால், அது 'தம்பி'யில் வரும் பகரத்தைப் போல மென்மையாகிறது. நம்மைப் போலவே அவர்களுக்கும் அந்த மெல்லொலிக்குத் தனி எழுத்து இல்லை. தெல்தா எழுத்தின் ஒலியும் 'அது' என்பதில் நாம் இயல்பாகச் சொல்லும் தகரந்தான். ஆனால் நாம் அதைச் சொல்லின் நடுவில் மட்டுமே ஒலிக்கிறோம். அவர்களோ இரண்டைக் குறிக்கும் 'தியோ'வின் தொடக்கத்திலேயே அப்படி ஒலிக்கிறார்கள். 'அதியோ' என்று சொல்லிவிட்டு முதல் 'அ'வைக் கைவிடுவது எனக்கு உதவியது. இதற்கு நேர்மாறாக, 'பரக்கலோ'வின் நடுவிலுள்ள ககரத்தை நாம் இரட்டிக்கவும் கூடாது, 'பரகலோ' என்று மெலிக்கவும் கூடாது. தமிழருக்கு உண்மையில் கடினமான இந்த இடத்தைப் பாடம் தொடவே இல்லை.

மரியாதை வேறுபாட்டையும் இரண்டு வரிகளில் முடித்துவிடுகிறார்கள். நமக்கோ அதுவே போதும்: வணக்கம் சொல்லும்போது, நாம் 'நீ' என்று அழைப்பவருக்கு 'யா ஸு', 'நீங்கள்' என்று அழைப்பவருக்கும் பலருக்கும் 'யா ஸஸ்'.

குறைகளில் பெரியது, கையேடு கிரேக்கச் சொற்களை ரோமன் எழுத்திலேயே தருவதுதான். கிரேக்க எழுத்துகள் 24 மட்டுமே. ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். அவற்றை அறியாமல் சிற்றூர்ப் பேருந்தின் பெயர்ப்பலகை முன் நிற்பவருக்கு, ஆங்கில 'P' போலத் தோன்றும் எழுத்து 'ர' ஒலியைத் தருவது தெரியாது. 'நே' என்றால் ஆம், 'ஓஹி' என்றால் இல்லை என்று கற்பிப்பவர்கள், பலர் வாய் திறக்காமல் புருவத்தை உயர்த்தித் தலையை மேல்நோக்கி அசைத்தே 'இல்லை' என்பார்கள் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். நான் முதல் நாள் அதை ஆமோதிப்பு என்றே எண்ணிக் காத்திருந்தேன்.

கேள்விகளைக் கற்பித்த அளவுக்கு விடைகளைக் கற்பிக்காததும் வருத்தந்தான். விலை கேட்கத் தெரிகிறது; ஆனால் எண்கள் பத்தோடு நின்றுவிடுவதாலும், யூரோவை அவர்கள் 'எவ்ரோ' என்பதாலும், வரும் பதில் பிடிபடுவதில்லை. ஆகவே இதை வாங்குவோர், எழுத்துகளையும் நூறு வரையிலான எண்களையும் தனியே கற்றுக்கொண்டு, உச்சரிப்புக்கு மட்டும் இத்தொகுப்பை நம்பலாம்.