ஹிட்ச்காக் தேர்ந்தெடுத்த பழம்

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு. நாதஸ்வரத்தை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதிலேயே பொழுது போய்விடும். அதனாலோ என்னவோ, ஸ்டீபன் ரெபெல்லோ எழுதிய 'ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் அண்ட் தி மேக்கிங் ஆஃப் சைக்கோ' (1990) புத்தகத்தில் நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது சத்தம் பற்றிய பக்கங்களைத்தான். இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' என்ற திகில் படம் உருவான கதை இது.

படத்தில் வரும் குளியலறைக் கொலைக்கு, கத்தி உடம்பில் இறங்கும் சத்தம் வேண்டும். உதவியாளர் விதவிதமான பழங்களை வாங்கிவந்து ஒவ்வொன்றாகக் குத்துகிறார். ஹிட்ச்காக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மேஜையெல்லாம் சதையும் சாறும் ஆன பிறகு கண்ணைத் திறந்து ஒரே சொல்: "கசாபா." முலாம்பழத்தில் ஒரு ரகம் அது.

சும்மா இருக்க முடியுமா? தர்ப்பூசணி ஒன்று, முலாம்பழம் ஒன்று வாங்கிவந்து செல்போனில் பதிவு செய்தேன். தர்ப்பூசணி 'டொப்' என்றது, உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி. முலாம்பழம்தான் அசல் 'சதக்'. அப்புறம் இரண்டையும் ஜூஸ் போட்டுக் குடித்தோம்.

அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்தார் ஹிட்ச்காக். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதைக் கேட்காமல் இசை எழுதிக்கொண்டு வந்தார், அதுவும் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து. திரையில் ஒரு நிமிடம்கூட வராத கொலைக்கு 7 நாள் படப்பிடிப்பு. ரத்தமாக ஓடியது சாக்லெட் சிரப். கறுப்பு வெள்ளைப் படம்தானே! பாராமவுண்ட் பட நிறுவனம் பணம் போடத் தயங்கியதால், சொந்தப் பணத்தில், தன் டிவி தொடரின் குழுவையே வைத்து, 8 லட்சம் டாலர் சொச்சத்தில் முடித்திருக்கிறார். பட்ஜெட் இல்லை என்று புலம்பும் என் நண்பர்களுக்கு இந்தப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

குறை? புத்தகம், இந்தக் கதைக்கு வித்தாக இருந்த எட் கீன் என்ற நிஜக் கொலைகாரன் கதையோடு தொடங்குகிறது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை, தாண்டிவிட்டேன். என்னிடம் இருப்பது பழைய பிரதி. 'நல்ல நிலையில்' என்று சொல்லி விற்றார்கள், இரண்டாம் நாளே அட்டை தனியாகக் கையோடு வந்துவிட்டது. வாங்குவதானால் புதிதாகவே வாங்குங்கள். படத்தைப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பார்த்தவர்களுக்கு ஒன்று: குளியலறைக் காட்சியை எடுத்தபோது கொலைகாரனாக நடித்த அந்தோணி பெர்கின்ஸ் படப்பிடிப்புத் தளத்திலேயே இல்லை. நியூயார்க்கில் நாடக ஒத்திகையில் இருந்தார்.